வெள்ளைச் சாமந்தி வந்த திறப்பு விழா

மனித குலத்தின் மகத்தான கண்டுபிடிப்பு நெருப்பு என்பார்கள் சிலர். இல்லை, சக்கரம் என்பார்கள் வேறு சிலர். இந்த இரு சாராரும் சியோல் நகரத்துச் சம்சோங்தோங் தெருவில் ஓர் ஓவியக் கண்காட்சியின் திறப்பு விழாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை என்பது தெளிவு. நெருப்பு சுடும், சக்கரம் உருளும், அவ்வளவுதான். திறப்பு விழாவோ, நேற்றுவரை சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒரு துணிச் சட்டத்தை இன்று மாலைக்குள் ஓர் அடுக்குமாடி வீட்டின் விலைக்கு ஏற்றிவிடும். எரிபொருள் செலவு கிடையாது, புகை கிடையாது. கொஞ்சம் திராட்சை மது, கொஞ்சம் அரிசிக் கேக், ஒரு விமர்சகரின் கட்டுரை இருந்தால் போதும்.

அந்த விமர்சகர் நான்தான். பெயர் யோம் ஜேசோக். பல்லாண்டுகளாகச் சமகாலக் கலைக்குத் தொண்டாற்றி வருகிறேன். என் தொழிலைப் பற்றிப் பலருக்குத் தெளிவில்லை என்பதால் சொல்லிவிடுகிறேன். ஒரு படத்தைப் பார்த்து ‘நன்றாக இருக்கிறதா’ என்று கேட்பவன் ரசிகன். ‘யாரெல்லாம் வைத்திருக்கிறார்கள்’ என்று கேட்பவன் சேகரிப்பாளன். அது யாரிடம் போகப்போகிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, பிறகு ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதுபவன் விமர்சகன்.

வெளியாட்கள் கலைச் சந்தையை மீன் சந்தை மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். காசைக் கொடுத்தால் பொருளைக் கொடுப்பார்களாம். கேலரி ஹேரானின் உரிமையாளர் சோக் ஹேரான் மேடத்திடம் ஒருவர் அப்படித்தான் காசோடு வந்து நின்றார்.

“உங்க வீட்டுல ஏற்கெனவே யாரோட படம் இருக்கு?” என்று கேட்டார் மேடம்.

“ஒண்ணும் இல்லைங்க. இதுதான் முதல்ல.”

“அடடா. அப்ப உங்களுக்கு எப்படி விக்கிறது? படம் தனியா பயந்துக்குமே.”

வந்தவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, காத்திருப்போர் பட்டியலில் பெயரைக் கொடுத்துவிட்டுப் போனார். விற்க மறுப்பதன் மூலம் விற்கும் இந்த நுட்பம் எந்த மீன்காரிக்குத் தெரியும்?

மேடத்தின் முதன்மையான சேகரிப்பாளர் சேர்மன் நாம்குங். கிம்ச்சி ஊறுகாய் டப்பாக்களுக்கு மூடி செய்யும் ஆலைக்குச் சொந்தக்காரர். ஒரு ஓவியரின் படங்கள் ஐந்தாறு அவர் வீட்டில் இருக்கும். அதே ஓவியரின் இன்னொரு படம் ஏலத்துக்கு வந்தால், யாரும் கேட்காத விலையைத் தானே கேட்டு, தானே அதற்கு மேலும் ஒருவரை விட்டுக் கேட்க வைப்பார். ஏலத்தில் ஒன்று ஏறினால் வீட்டில் இருப்பதெல்லாம் தானாக ஏறும். காரணம் கேட்டால் “கலைமேல ஒரு பாசம்” என்பார். இந்தப் பாசத்தின் முன் நான் பலமுறை நெகிழ்ந்திருக்கிறேன்.

அடுத்தவர் டாக்டர் பான். கண் இமைகளைத் திருத்தி அழகாக்கும் அறுவை மருத்துவர். ஊரார் கண்களுக்கெல்லாம் வழி செய்த அவர், சொந்தக் கண்ணால் பார்த்து ஒரு படமும் வாங்கியதில்லை. நாம்குங் எதன் முன் நிற்கிறாரோ அதற்கு அடுத்ததை வாங்குவார்.

இவர்கள் இருவர், மேடம், நான் என்று நால்வர் சேர்ந்துதான் சமகாலக் கலையை உருவாக்குகிறோம். ஓவியரும் இருப்பார்.

இந்தக் கதையின் ஓவியர் பியோ சங்மோ. கங்நுங் கடற்கரையில் மீன் உணவகங்களுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவர். சியோலுக்கு வந்து ஒரு நிலவறையில் குடியேறினார். ஒருநாள் அந்தக் கட்டடத்தில் கழிவறை தேடிப்போன நான் தவறிப்போய் அவர் அறைக்குள் நுழைந்தேன். சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பலகைகள். ஒரு கோடு கிடையாது, உருவம் கிடையாது, வெறும் சாம்பல்.

“ஏன் சாம்பல் மட்டும்?” என்று கேட்டேன்.

“வேற பெயிண்ட் இல்லைங்க. மச்சான் படகுக்கு அடிச்சது போக மீதியக் கொடுத்தான்.”

அடுத்த மாத இதழில் எழுதினேன்: “‘வேறு வண்ணம் இல்லை’ என்று பிரகடனம் செய்கிறார் பியோ சங்மோ. நிறங்களின் ஆரவாரத்தைத் துறந்த ஒரு முனிவரின் குரல் இது.” மச்சானையும் படகையும் இடமில்லாததால் விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து சாம்பல்தான். மேடம் ஒப்பந்தம் போட்டார். சாம்பல் வரிசை முழுவதும் விற்றுத் தீரும்வரை பியோ வேறு நிறத்தைத் தொடக் கூடாது. வீட்டுக் கதவுக்கு வண்ணம் அடிப்பதானாலும் மேடத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த ஆண்டுக் கண்காட்சியோடு ஒப்பந்தம் முடிகிறது. அதில் எல்லாம் விற்றுவிட்டால் அவர் விடுதலை. ஒன்று மிஞ்சினாலும் இன்னும் ஐந்து ஆண்டு சாம்பல்.

கண்காட்சிக்கு முன்பு மேடத்தின் அறையில் நாங்கள் மூவரும் வாற்கோதுமைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பியோ மெதுவாக ஆரம்பித்தார்.

“மேடம், எனக்கு எங்க வீட்டுக்காரிய வரையணும்.”

“தாராளமா வரைங்க. சாம்பல்ல வரைங்க.”

“அவ ரோஸ் கலர்ல பெரிய பெரிய பூப்போட்ட தொளதொள கால்சட்டை ஒண்ணு போட்டுக்கிட்டுதான் கிம்ச்சிக்குக் கோசு கழுவுவா. அதைச் சாம்பல்ல எப்படி வரையறது?”

“அதுதான் சார் சவால்.”

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கேக்குறா மேடம். ஊர்ல இருக்கிறவங்க வீட்டுலயெல்லாம் உங்க படம் தொங்குது, என்னை ஒரு படம் வரைய மாட்டீங்களான்னு. இப்ப எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. இன்னும் அஞ்சு வருஷம் போனா கோடு வராது.”

அவர் கையை நீட்டிக் காட்டினார். நடுங்கத்தான் செய்தது. மேடம் அதைக் கனிவோடு பார்த்தார்.

“சாம்பலுக்கு நடுக்கம் நல்லதுதான். யோம் சார் அதுக்கும் ஒரு பேரு வெச்சிருப்பாரு.”

வைத்திருந்தேன். ‘அதிர்வின் அழகியல்’.

“இந்தக் கண்காட்சில எல்லாம் வித்துட்டா?” என்றார் பியோ.

“வித்துட்டா நீங்க உங்க இஷ்டம், உங்க வீட்டம்மா கால்சட்டை இஷ்டம்” என்று சிரித்தார் மேடம். அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், விற்காது என்று. நாம்குங்குக்குச் சாம்பல் சலித்துவிட்டது. இளைய சேகரிப்பாளர்களோ கண்ணாடி போட்ட முயல் பொம்மைகளை வாங்கத் தொடங்கியிருந்தார்கள். பியோவுக்கு மட்டும் தெரியாது. அவர் போகும்போது எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் பாவப்படுவதற்கு யாரும் கட்டுரைக் கூலி தருவதில்லை.

திறப்பு விழா நாளும் வந்தது.

திறப்பு விழாவுக்கு ஓவியர் சரியான நேரத்துக்கு வந்தால் அவர் விலை சரிந்துவிடும். இது நான் வகுத்த விதி. அவர் தாமதமாக வரவேண்டும், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வரவேண்டும், வரும்வரை போனில் கிடைக்கக் கூடாது. எனவே பியோ போனை அணைத்துவிட்டு இரண்டு சந்து தள்ளி ஒரு நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தார். போன மாதம்தான் பித்தப்பைக் கல்லுக்கு அறுவை செய்துகொண்டு மருத்துவமனையிலிருந்து வந்திருந்ததால், ஆவி பறக்கும் சூப்பை நிதானமாக உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி ஓக்சுன் அம்மா விதிகள் ஏதும் அறியாதவர். மதியமே சமையலறைக் கதவு வழியாக வந்து, தானே அவித்த அரிசிக் கேக்குகளைத் தட்டில் அடுக்கி, நல்ல ஹன்போக் உடுத்திக்கொண்டு, கூடத்தின் நடுவில் நின்றுகொண்டார்.

வாசலில் வாழ்த்துப் பூந்தட்டிகள் வந்து இறங்கின. மூன்றடுக்கில், ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி, அனுப்பியவர் பெயரைப் பட்டு நாடாவில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும் இந்தப் பூந்தட்டிகள் இல்லாமல் எங்கள் ஊரில் ஒரு கடை திறக்காது, ஒரு கல்யாணம் நடக்காது. வங்கித் தலைவருடையது கதவை ஒட்டி. சட்டமன்ற உறுப்பினரின் சம்சாரத்துடையது அடுத்து. போட்டி கேலரிக்காரர்களுடையது குப்பைத் தொட்டி பக்கம். படங்களை மாட்டுவதற்கு ஆன நேரத்தைவிட இதற்கு ஆன நேரம் அதிகம்.

கூட்டம் சேர்ந்துகொண்டிருக்கும்போது பூக்கடை வண்டி ஒன்று வந்தது. ஓட்டுநர் ஒரு பூந்தட்டியை இறக்கி வாசலின் நட்டநடுவில் நிறுத்தினார், சேர்ப்பித்ததற்குச் சாட்சியாகப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார், போய்விட்டார்.

முழுக்க வெள்ளைச் சாமந்தி.

வெள்ளைச் சாமந்தி எதற்கு என்று இந்த நாட்டில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். வலது பக்க நாடாவில், ‘மறைந்தவரின் ஆன்மா அமைதி பெறப் பிரார்த்திக்கிறோம்’. இடது பக்க நாடாவில், ‘கங்நுங் பள்ளித் தோழர் சங்கம்’, அதாவது பியோவோடு படித்தவர்கள்.

முதலில் பார்த்தவர் சேர்மன் நாம்குங். கேக் சாப்பிட மட்டுமே வந்ததாகச் சற்று முன்புதான் என்னிடம் சொல்லியிருந்தார். நாடாவைப் படித்தார். முகத்தில் ஆழ்ந்த துயரம் படர்ந்தது. இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். பிறகு இரண்டு நாடாக்களையும் கிம்பாப் சோற்றைச் சுருட்டுவதுபோல் இறுக்கமாகச் சுருட்டிப் பூக்களுக்குப் பின்னால் செருகிவிட்டு உள்ளே வந்தார்.

“மேடம், மாடில பெருசா ஒண்ணு இருந்துச்சே. அது இன்னும் இருக்கா?”

தொழில் கடமை என்னை வாசலுக்கு இழுத்தது. சுருளைப் பிரித்துப் படித்தேன். என் உள்ளம் உருகிவிட்டது. ஒரு மாபெரும் கலைஞனை இழந்துவிட்டோம். கூடவே, அவர் எனக்கு அன்பளிப்பாகக் கொடுத்த மூன்று சாம்பல் படங்கள் வீட்டில் அலமாரிக்குப் பின்னால் கிடப்பது ஏனோ நினைவுக்கு வந்தது. துயரத்தில் மனம் இப்படித்தான் சம்பந்தமில்லாமல் எங்கெங்கோ அலையும். நாடாவை நாம்குங் சுருட்டியதைவிட இறுக்கமாகச் சுருட்டிச் செருகினேன்.

எனக்குப் பின் டாக்டர் பான் வந்தார், பிரித்தார், படித்தார், சுருட்டினார். அவருக்குப் பின் ஒரு வழக்கறிஞர் தம்பதி. பிறகு மேடமே வந்தார். ஒவ்வொருவரும் இந்த ரகசியம் தமக்கு மட்டுமே கிடைத்தது என்று நம்பினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த நாடா பழகிப்போய், பிரித்தவர் கையை எடுத்ததும் தானாகவே சுருண்டுகொண்டது.

ஓக்சுன் அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்தது பூந்தட்டியின் முதுகு, வெறும் மூங்கிலும் கம்பியும்.

மேடம் விலைப்பட்டியலை மேசையிலிருந்து எடுத்துவிட்டு வேறொன்று வைத்தார். “பழசுல அச்சுப்பிழை” என்றார். எல்லா விலையிலும் ஒரே மாதிரி பிழை.

“மேடம், பியோ சார் இனிமே நிறைய வரைவாரா?” என்று வழக்கறிஞர் மனைவி காதோடு கேட்டார்.

“இனிமே கொஞ்சம் நிதானமா வரைவாருன்னு நினைக்கிறேன்.”

“எவ்வளவு நிதானமா?”

“ரொம்ப நிதானமா.”

“அப்ப எனக்கு அந்த ரெண்டையும் குடுத்துடுங்க.”

படம் விற்றுப்போனால் அதன் பக்கத்தில் சிறிய சிவப்புப் பொட்டு ஒன்று ஒட்டுவது வழக்கம். அன்று மேடத்தின் விரல் ஓயவில்லை. கீழ்த்தளம், மாடி, மாடிப்படி ஓரம் என்று பொட்டு ஏறிக்கொண்டே போயிற்று. ஓக்சுன் அம்மா விதவையாகிவிட்டார் என்று அந்தக் கூடமே நம்பிய வேளையில், சுவர்களெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு மங்களகரமாக நின்றன.

அவர் தட்டோடு ஒவ்வொருவரிடமாகப் போய்க்கொண்டிருந்தார். டாக்டர் பான் கேக்கை எடுத்துக்கொண்டு அவர் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்தார்.

“தைரியமா இருங்கம்மா.”

“ஏன் டாக்டர், படம் விக்காதா?”

“விக்கும்மா. எல்லாம் விக்கும்.”

“அது போதும் டாக்டர். நீங்க இன்னொண்ணு எடுத்துக்குங்க. எள்ளு வெச்சது.”

டாக்டர் இன்னொன்று எடுத்துக்கொண்டார். நானும் எடுத்துக்கொண்டேன். இவருக்கு விஷயம் தெரியவில்லை என்பது எனக்கு நன்றாகவே புரிந்தது. சொல்லியிருப்பேன். ஆனால் மாடியில் இன்னும் சில படங்களுக்குப் பொட்டு விழவில்லை. நடுவில் ஒரு பெண் கதறி அழுதால் கலைச் சூழல் கெட்டுவிடும். மேலும் கேக் மிக மிருதுவாக இருந்தது.

பிறகு நான் உரையாற்றினேன். ‘வரைகிறார்’ என்று எழுதி வைத்திருந்ததையெல்லாம் ‘வரைந்தார்’ என்று மாற்றிப் படித்தேன். “சாம்பலோடு வாழ்ந்து, சாம்பலில் கலந்த” என்று ஒரு சொற்றொடர் அந்த நேரத்தில் தானாக வாயில் வந்தது. முன்வரிசையில் நாம்குங் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசிப் படத்துக்கும் பொட்டு விழுந்தது. கூடம் கைதட்டி அதிர்ந்தது.

கைதட்டல் ஓய்வதற்குள் பியோ சங்மோ உள்ளே வந்தார். கறுப்புச் சட்டை, நெஞ்சில் நூடுல்ஸ் சூப் ஒரு சொட்டு.

ஒருவர் கையிலிருந்து கோப்பை நழுவியது. நாம்குங் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார், அதில் ஏற்கெனவே ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

பியோ யாரையும் கவனிக்கவில்லை. சுவரைத்தான் பார்த்தார். ஒவ்வொரு படமாக, ஒவ்வொரு பொட்டாக.

“எல்லாமா மேடம்?”

“எல்லாம்” என்றார் மேடம், விலைப்பட்டியலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

“மாடில இருக்கிறதும்?”

“மாடில இருக்கிறதும்.”

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். ஓக்சுன் அம்மா தட்டை யாரோ ஒருவர் கையில் திணித்துவிட்டு ஓடிவந்தார். “என்னங்க, எல்லாரும் பாக்குறாங்க, எழுந்திரிங்க” என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துவிட்டார். “நாளைக்கே ரோஸ் பெயிண்ட் வாங்கிடலாம்” என்றார் பியோ. நான் திரும்பிக்கொண்டு இன்னொரு எள்ளுக் கேக்கை வாயில் போட்டுக்கொண்டேன்.

எழுந்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

“ஆமா, வாசல்ல சாவுப் பூ நிக்குதே. யாருக்கு?”

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கூரையைப் பார்த்தார்கள். வாசலில் அப்படி ஒன்று நிற்பதே யாருக்கும் தெரியவில்லை.

மேடத்தின் போன் அடித்தது. கங்நுங் பள்ளித் தோழர் சங்கத்தின் தலைவர். ஒரே நாளில் இரண்டு பூந்தட்டிகளுக்குச் சொல்லியிருந்தார்களாம், கண்காட்சிக்கு ஒன்று, காலமான தலைமையாசிரியருக்கு ஒன்று. கடைக்காரன் இடம் மாற்றிவிட்டான். இங்கே வரவேண்டிய சிவப்பும் மஞ்சளுமான பூந்தட்டி, ‘மேலும் மேலும் உயர வாழ்த்துகிறோம்’ என்ற நாடாவோடு தலைமையாசிரியரின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறதாம். குடும்பத்தார் கோபப்படவில்லை, அவர் மேலேதானே போகிறார் என்று சொல்லிவிட்டார்களாம்.

மறுநாள் கேலரியில் அவசர ஆலோசனைக் கூட்டம் கூடியது. நாம்குங், டாக்டர் பான், மேடம், நான். மரியாதைக்காகப் பியோவையும் கூப்பிட்டிருந்தோம்.

“எனக்கு ஒரு சின்ன மனக்குழப்பம்” என்று தொடங்கினார் நாம்குங். “நேத்து வாங்கும்போது சூழ்நிலை வேற மாதிரி இருந்துச்சு.”

“எப்படி வேற மாதிரி, சேர்மன் சார்?” என்றார் மேடம்.

“வெளிச்சம். வெளிச்சம் வேற மாதிரி இருந்துச்சு.”

“டாக்டர், உங்களுக்கு?”

“எனக்கும் அதே வெளிச்சம்தான்.”

பியோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நான் செத்துட்டேன்னு நினைச்சு வாங்கிட்டீங்களா?” என்று கேட்டார். குற்றம் சாட்டும் குரலில் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில்.

“சேச்சே” என்றோம் எல்லோரும் ஒரே குரலில்.

அந்தச் ‘சேச்சே’யோடு திருப்பிக் கொடுக்கும் வழி அடைபட்டுவிட்டது. படத்தைத் திருப்ப வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொன்னால் நாளைக்கு எந்தத் திறப்பு விழாவுக்கும் போக முடியாது. நாம்குங் வேறு திசையில் முயன்றார்.

“சாருக்கு இப்ப உடம்பு எப்படி?”

“கல்ல எடுத்துட்டாங்க. இப்ப ரொம்ப நல்லா இருக்கேன்.”

“ஓ.” நாம்குங் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “சிகரெட்டு?”

“விட்டுட்டேன்.”

“திரும்ப ஆரம்பிக்கிற எண்ணம் ஏதாவது?”

“சார் மலை ஏறுவாரா?” என்று இடைமறித்தார் டாக்டர் பான். “பனிக்காலத்துல சொராக் மலை ரொம்ப அழகா இருக்கும். வழுக்கும், ஆனா அழகு. இல்லாட்டி ஒருநாள், விஷத்தை எடுத்துட்டுச் சமைப்பாங்களே, அந்த மீன் சாப்பிடப் போலாம். புது சமையல்காரன் ஒருத்தன் வந்திருக்கான். லைசென்ஸ் இன்னும் வரல, ஆனா கை நல்ல கை.”

பியோ நெகிழ்ந்துபோனார். தன்மேல் இவ்வளவு அக்கறை காட்டுவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

முடிச்சை அவிழ்க்கும் பெருமை எனக்குக் கிடைத்தது. “நண்பர்களே, ஓவியர் இறக்க வேண்டிய அவசியமே இல்லை” என்றேன். பியோ தலையாட்டி ஆமோதித்தார். “சாம்பல் இறந்தால் போதும். இனி இவர் ஒரு சாம்பல் படம்கூட வரைய மாட்டார் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், நேற்று வாங்கியவைதான் உலகின் கடைசிச் சாம்பல்கள். இறந்த ஓவியர் தரக்கூடியதும் அதுதானே?”

நாம்குங்கின் முகம் மலர்ந்தது. “மேகம்கூட வரையக் கூடாது” என்று ஒரு நிபந்தனை சேர்த்தார். “எலி, யானை, மழைக்கால ரோடு எதுவும் கூடாது” என்றார் டாக்டர்.

மேடம் வாசித்து முடிப்பதற்குள் பியோ கையெழுத்துப் போட்டுவிட்டார். நடுங்கிய கையெழுத்துதான், ஆனால் அவர் அத்தனை வேகமாக எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. இவ்வாறாகச் சேகரிப்பாளர்களின் நம்பிக்கையும், கேலரியின் கண்ணியமும், விமர்சனத்தின் நேர்மையும் ஒருசேரக் காப்பாற்றப்பட்டன. ‘சாம்பலின் மறைவு’ என்று நான் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு முயல் பொம்மைக்காரர்கள்கூட வரிசையில் பெயர் கொடுத்தார்கள்.

சில வாரங்கள் கழித்துப் பியோவின் வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு போகவில்லை, மேடம் கொடுத்த புதிய ஒப்பந்தம் பையில் இருந்தது. இனி ஐந்தாண்டு ரோஸ் மட்டும்.

ஓக்சுன் அம்மா முற்றத்தில் பெரிய அலுமினியத் தொட்டியின் முன் குந்தியிருந்தார். அந்த ரோஸ் கால்சட்டை, முழங்கை வரை ரப்பர் உறை, சுற்றிலும் கோசு. பியோ எதிரில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார். கோடு நடுங்கியது. நடுங்கிய இடத்தில் கால்சட்டைப் பூக்கள் காற்றில் அசைந்தன. நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிடித்திருந்தது. யாரிடம் போகப்போகிறது என்று தெரிவதற்கு முன்பே பிடித்துவிட்டது. என் தொழிலில் இது ஆபத்தான நோய்.

“இது விக்கிறதுக்கு இல்ல சார்” என்றார் பியோ திரும்பாமலே. “இது அவளோடது.”

“விற்பனைக்கு இல்லையா? அருமை. மேடத்துக்கிட்ட சொல்றேன், இந்த வார்த்தைக்கே சேர்மன் முதல் ஆளா வந்து நிப்பாரு.”

“கோசு கழுவுற தொட்டிக்கு மேல ஆணி அடிச்சாச்சு” என்றார் ஓக்சுன் அம்மா. “அங்கதான் மாட்டப்போறேன். அந்தப் பேப்பரை வெளிய எடுக்காதீங்க சார், ஈரக் கை.”

பையை மூடிக்கொண்டேன். அவர் எழுந்துபோய்க் கையைத் துடைத்துக்கொண்டு, சூடாகக் கிழங்குப் பணியாரம் சுட்டு வந்து வைத்தார். நான் சாப்பிடத் தொடங்கியதும் எதிரில் உட்கார்ந்தார்.

“ஒண்ணு கேக்கலாமா சார்? அந்தச் சாவுப் பூ நாடாவ எத்தனை பேர் பிரிச்சுப் பிரிச்சுச் சுருட்டியிருந்தீங்கன்னு அப்புறம் பாத்தேன். அன்னிக்கு நான் தட்டோட உங்க எல்லார்கிட்டயும் வந்தேன். இவரு போயிட்டாருன்னு உங்க எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. தெரிஞ்சுதான எடுத்துச் சாப்பிட்டீங்க?”

“அம்மா, அது கலைமேல உள்ள மரியாதை. உங்க மனசு நோகக் கூடாதுன்னு…”

“இருக்கட்டும் சார், கோவமில்ல. எல்லாம் வித்துச்சு, இவரு வரையறாரு, எனக்குச் சந்தோஷம்தான்.” பணியாரத் தட்டை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். “ஆனா எங்க ஊர்ல பகையாளி செத்தாலும், அந்த வீட்டுல உக்காந்து சாப்பிட்டவன் பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை துக்கம் கேட்டுட்டு, மொய்க் கவரை வெச்சுட்டுத்தான் எழுந்திரிப்பான். நீங்க எல்லாரும் சாவு வீட்டுல சாப்பிட்டீங்க, வாயைத் துடைச்சீங்க, போகும்போது செத்தவரு சாமானையும் தூக்கிட்டுப் போயிட்டீங்க.”

சமகாலக் கலைச் சந்தையைப் பற்றி இவ்வளவு சுருக்கமான, இவ்வளவு துல்லியமான வரையறையை நான் எந்த நூலிலும் படித்ததில்லை. தட்டில் மிச்சமிருந்த பணியாரத்தையும் முடித்துக்கொண்டு வேகமாக வீட்டுக்கு வந்து, அதை என் புதிய கட்டுரையின் முதல் வரியாக எழுதி, கீழே என் பெயரைப் போட்டுக்கொண்டேன்.